இடைப்பட்ட சனிக்கிழமை

தேவராசா ஏணியில் நின்று தூணின் தலைப்பகுதிக்குப் பொன்னிறப் பெயின்ற் பூசிக்கொண்டிருந்தார். கமலாம்பிகை கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சித்திரை மாதத்தில் கராஜுக்குள் சாத்திவைத்த மணவறைத் தூண்கள் அவை. இத்தனை மாத ஈரமும் உடம்பில் ஊறி, பழைய பொன் செதில் செதிலாக உரிந்து கிடந்தது. சனிக்கிழமை ஹவுன்ஸ்லோவில் கலியாணம். சித்திரைக்குப் பிறகு வந்த முதல் வேலை.

“வடியுது. உள்ளுக்க போய் ஒரு பழந்துணி எடுத்துக்கொண்டு வாரும், கமலா,” என்றார். “நான் இறங்கி நிக்கிறன்.”

குசினிக்குள் துணி உடனே அகப்படவில்லை. அடுப்பில் வைத்த பருப்பைப் பார்த்தாள், அடுப்பைக் குறைத்தாள், கழுவாமல் கிடந்த கோப்பையைக் கழுவி வைத்தாள். பிறகுதான் துணியின் நினைவு வந்தது. எடுத்துக்கொண்டு போனபோது அவர் தூணில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி நிலத்தில் இருந்தார். தூரிகை கையில்தான் இருந்தது.

“காயாத பெயின்றில சாய்ஞ்சு இருக்கிறியள். ஜக்கெற் ஒட்டப்போகுது,” என்று ஏசினாள்.

அவர் பேசவில்லை. ஏசியது பிடிக்கவில்லையாக்கும் என்று நினைத்துத் துணியை அவர் மடியில் போட்டாள். அது வழுகி நிலத்தில் விழுந்தது. அவர் அதைப் பிடிக்கக் கையை எடுக்கவில்லை. அப்போதுதான் அவள் குனிந்து முகத்தைப் பார்த்தாள்.

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டொக்டர் அவளைக் கதிரையில் இருத்தி, தானும் முழங்காலை மடித்து முன்னால் இருந்து, நீண்ட நேரம் ஏதோ சொன்னான். அவன் மன்னிப்புக் கேட்கிற மாதிரிச் சொன்ன ‘சொறி’ என்ற இங்கிலீஷ் சொல் மட்டும் அவளுக்கு விளங்கியது. வேலையிலிருந்து ஓடிவந்த மகள் தாரகா அதையே தமிழில் சுருக்கமாகச் சொன்னாள். அவர் கழுத்திலும் காதோரத்திலும் பொன்னிறம் அப்பியிருந்தது. அது சமயச் சடங்குக்குப் பூசியதா, துடைக்கலாமா என்று தாதி தயங்கித் தயங்கிக் கேட்டாள். தாரகா தாயைப் பார்த்தாள். துடைக்காமலே விட்டார்கள்.

திடீர்ச் சாவு என்றபடியால் உடம்பை வெட்டிப் பார்க்க வேண்டும் என்றார்கள். அது முடிந்தாலும் சுடலையில் உடனே இடம் இல்லை. எல்லாம் சரிவந்து கிடைத்தது அடுத்த கிழமை புதன்கிழமைதான். செத்தது செவ்வாய். ஊரில் என்றால் மறுநாள் பொழுதுபட எல்லாம் முடிந்திருக்கும். இங்கே நடுவில் ஒரு கிழமை வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. அந்தக் கிழமைக்குள்தான் சனிக்கிழமையும் இருந்தது.

தேவராசா ஜெர்மனியில் ரெஸ்ரோரண்டுகளில் கோப்பை கழுவிக் களைத்து, லண்டனுக்கு வந்து, சொந்தமாகத் தொடங்கிய தொழில் மணவறை போடுவது. தூண்களும் கூரையும் யானைத் தலைகளும் அவரே செய்தது. பின்னால் தொங்கவிடும் துணிகளை எல்லாம் கமலாம்பிகை சுருக்குப் பிடித்துத் தைத்தாள். மன்னார்ப் பக்கத்து ஆளான செபமாலைமுத்து சாமான்களை வான் வண்டியில் ஏற்றி இறக்க வருவான்; வேலை உள்ள நாளுக்குக் கூலி. கலியாண வீடு, பெரியபிள்ளையான பெண்களுக்குச் சாமத்தியவீடு என்று சனி ஞாயிறு ஓயாமல் ஓடிய காலம் ஒன்று இருந்தது. வங்கிகள் விழுந்தபோது சனம் செலவைச் சுருக்கியது. பிறகு வன்னியில் சண்டை இறுகியது. ஒவ்வொருவராகப் போன் எடுத்தார்கள். “அண்ணை, குறை நினைக்காதேங்கோ. இந்த நேரத்தில எப்பிடிச் செய்யிறது.” தேவராசா ஒருவரிடமும் குறை நினைக்கவில்லை. அவரே பார்லிமென்ட் சதுக்கத்தில் சண்டையை நிறுத்தச் சொல்லி நாள் முழுக்கக் கத்தி, தொண்டை அடைத்துப் போய் வீட்டுக்கு வந்து, அன்றைக்கு எந்தக் கலியாணம் நின்றது என்று கமலாம்பிகையிடம் கேட்பார். அவள் சொல்லுவாள். “அதுதான் சரி,” என்பார். சாப்பிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து, “இந்த மாச வாடகைக்கு என்ன செய்யப் போறம்?” என்பார். இரண்டையும் ஒரே ஆள்தான் சொல்கிறாரா என்று அவளுக்குச் சில வேளை குழப்பமாக இருக்கும்.

சண்டை முடிந்தது. அதற்குப் பிறகும் போன் அடிக்கவில்லை. அவர் அந்த வானில் பார்சல் கொண்டுபோய்க் கொடுத்தார். அதிலும் பார்சல் வந்தால்தான் காசு. வீடு வீடாக விளம்பரத் தாள் போட்டார். கடைசியாக ஒருநாள் அரசாங்க உதவிக் காசு கேட்டு பெனிபிட் ஒபிசுக்கு இருவருமாகப் போனார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் நல்ல மாதிரியாகத்தான் கதைத்தாள். அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று: தொழிலை மூடிவிட்டாரா, இன்னும் நடத்துகிறாரா? மூடினால் அதற்கு ஒரு வழி, நடத்தினால் வேறு வழி. தேவராசா யோசித்தார். “மூடேல்லை. வேலை வரேல்லை,” என்றார். அந்தப் பெண் திரும்பவும் கேட்டாள். அவர் திரும்பவும் அதையே சொன்னார். வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது, “மூடினதெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே,” என்றாள் கமலாம்பிகை. “மூடேல்லையே,” என்றார்.

விம்பிள்டனில் கடை வைத்திருக்கும் தமையன் கிருஷ்ணராசாவிடமும் போனார். அந்தப் பலகைகளை வித்துத் தலைமுழுகிவிட்டுத் தன் கடைக் கல்லாவில் வந்து நிற்கச் சொன்னார் அவர். தம்பி தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பி வந்துவிட்டார். அன்றைக்கு அவள் தேவராசாவோடு சண்டை பிடித்தாள். பிடித்தது சரியா பிழையா என்று இப்போது யோசித்துப் பார்க்க அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

இப்போது அந்தக் கிருஷ்ணராசாதான் வீட்டு முன்னறையில் இருந்து எல்லாவற்றையும் நடத்தினார். வானொலிக்கு மரண அறிவித்தல் கொடுத்தார். வருகிறவர்களிடம் தம்பியின் நல்ல குணங்களைச் சொன்னார். சனம் வந்தது, போனது. பிரேதம் வீட்டில் இல்லாத செத்தவீட்டில் எங்கே பார்த்து அழுவதென்று வந்தவர்களுக்கும் தெரியவில்லை. கமலாம்பிகையின் பொட்டை அழிக்க வேண்டும் என்றாள் ஒருத்தி. பிரேதப் பெட்டி மூடும்போதுதான் தாலி கழற்றுவது, அது மட்டும் அவள் சுமங்கலிதான், பொட்டு இருக்கட்டும் என்றாள் இன்னொருத்தி. அவர்கள் அவளை நடுவில் வைத்துக்கொண்டு தங்களுக்குள் கதைத்தார்கள். அவள் எழும்பிப் போய் முகம் கழுவினாள். கண்ணாடியைப் பார்த்தபோது பொட்டுப் பாதி அழிந்து பாதி இருந்தது. அப்படியே விட்டுவிட்டு வந்தாள்.

ஹவுன்ஸ்லோக் கலியாணத்தைப் பற்றி முதலில் நினைத்தது செபமாலைமுத்து. வியாழக்கிழமை அவன் குசினி வாசலில் வந்து நின்றான்.

“அக்கா, சனிக்கிழமைக்கு என்னண்டு?”

அருகில் நின்ற தாரகா உடனே சொன்னாள். “கான்சல் பண்ணுங்கோ அம்மா. அவைக்கு விளங்கும்.”

முன்னறையிலிருந்து கிருஷ்ணராசாவின் குரலும் வந்தது. “செத்தவீட்டுத் துடக்குப் பட்ட சாமானைக் கலியாண வீட்டுக்குக் குடுக்கிறதோ? வேற ஆளைப் பாக்கச் சொல்லும், கமலா.”

எல்லாரும் சொன்னது சரியாகத்தான் இருந்தது. ஆனால் ஹவுன்ஸ்லோக்காரர் தந்த முற்பணம் அன்றைக்கே வாடகைக்குப் போய்விட்டது. சவ அடக்கத்தைப் பொறுப்பெடுத்த பியூனரல்காரரும் புதன்கிழமைக்கு முன் ஒரு தொகை கட்டச் சொல்லியிருந்தார்கள். அதைக் கிருஷ்ணராசா தான் பார்க்கிறதாகச் சொன்னார். முன்னறையில் எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார். செபமாலைமுத்துவுக்கும் சித்திரையிலிருந்து கூலி இல்லை. சப்பாத்தின் நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கமலாம்பிகை தேவராசாவின் போனை எடுத்துக்கொண்டு மேல்மாடி அறைக்குப் போனாள். கலியாணப் பெண்ணின் தகப்பன் இராஜேந்திரனின் இலக்கம் அதில் இருந்தது. டென்மார்க்கிலிருந்து போன வருஷம் வந்த குடும்பம். லண்டனில் அவ்வளவு சனம் தெரியாது. வானொலி கேட்டிருந்தால் தாங்களாகவே எடுத்திருப்பார்கள் என்று இரண்டு நாளாகப் பார்த்திருந்தாள். எடுக்கவில்லை.

போனை எடுத்தது மனைவி நகுலேஸ்வரி. யாரென்று சொன்னதும் அவள் தன் பாட்டில் கதைக்கத் தொடங்கினாள். மண்டபக்காரன் கதிரை குறையத் தருகிறானாம். மாப்பிள்ளை வீட்டார் சிவப்புத் துணி வேண்டாம், மரூண் என்று நேற்றுத்தான் சொல்கிறார்களாம். தலை சுற்றுகிறதாம்.

“அண்ணை வந்து நிண்டாரெண்டா எனக்கொரு தெம்பு,” என்றாள் கடைசியில். “அவர்தான் பயப்பிடாதேங்கோ, எல்லாம் வடிவா வரும் எண்டு சொன்னவர். மரூண் துணி இருக்கோ, அக்கா?”

மரூண் துணி இருந்தது. அவள்தான் தைத்தது. “ஓம், இருக்கு,” என்றாள்.

“அப்ப சனிக்கிழமை விடிய வந்திடுவியளோ?”

“ஓம்.”

போனை வைத்த பிறகு கட்டில் விளிம்பில் இருந்தாள். தான் என்ன சொன்னோம் என்று யோசித்தாள். சொல்ல எடுத்தது வேறு. திரும்ப எடுத்துச் சொல்லலாம் என்று இலக்கத்தைத் தேடினாள். கீழே யாரோ புதிதாக வந்து அழுகிற சத்தம் கேட்டது. அவள் இறங்கிப் போக வேண்டியிருந்தது. இறங்கும்போது செபமாலைமுத்துவிடம் தாழ்ந்த குரலில், “வானை ஏத்துங்கோ. மரூண் துணிப் பைய மறக்க வேண்டாம்,” என்றாள். அவன் தலையை ஆட்டினான். ஏனென்று கேட்கவில்லை.

சனிக்கிழமை விடிந்து கொஞ்ச நேரத்தில் அவன் போன் எடுத்தான். தானும் கூட்டாளி ஒருத்தனுமாகத் தூண்களை நிறுத்தி, கூரையையும் ஏற்றிவிட்டார்கள். துணிதான் சரிவரவில்லை. எந்தச் சுருக்கு எந்தத் தூணுக்கு என்று தெரியவில்லை. குத்தக் குத்தப் பந்தற்காலில் காயப்போட்ட சேலை மாதிரித் தொங்குகிறதாம்.

பியூனரல்காரரிடம் அன்றைக்குத் தேவராசாவின் உடுப்பைக் கொடுக்க வேண்டியிருந்தது. தாரகா போவதாக இருந்தது. “நானே குடுத்திட்டு வாறன்,” என்று கமலாம்பிகை வேட்டியும் சால்வையும் மடித்து ஒரு பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டாள். மகள் தாயின் முகத்தையும் கையில் இருந்த ஊசிப் பெட்டியையும் பார்த்தாள். தானும் வரட்டுமா என்று மட்டும் கேட்டாள். வேண்டாம் என்றாள். கதவடியில் நின்று தாயின் கோட்டுப் பொத்தான்களைப் பூட்டிவிட்டாள் தாரகா.

அவள் முதலில் போனது ஹவுன்ஸ்லோவுக்கு. கலியாணம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். உள்ளே சூடு இன்னும் ஏறவில்லை. கமலாம்பிகை கோட்டைக் கழற்றாமலே ஏணியில் ஏறினாள். முதல் சுருக்கைப் பிடித்துக் குத்தினாள். துணியை மடிப்பதும், ஊசியைக் குத்துவதும், கொஞ்சம் பின்னால் சாய்ந்து பார்ப்பதுமாக நேரம் போனது. ஒரு கட்டத்தில், “இடப் பக்கம் கொஞ்சம் இறக்கோணுமோ?” என்று திரும்பிப் பார்க்காமலே கேட்டாள். கீழே நின்ற செபமாலைமுத்து, தன்னிடம் கேட்கவில்லை என்று தெரிந்தும், “காணும் அக்கா, சரியா இருக்கு,” என்றான்.

ஒரு பக்கக் கதவு திறந்து நகுலேஸ்வரி வந்தாள். தலையில் பூ, பாதி உடுத்த பட்டுச் சேலை, காலில் வீட்டுச் செருப்பு. மணவறையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். கண் கலங்கியது.

“வடிவா இருக்கு,” என்றாள். “அண்ணை எங்க? வானுக்குள்ளயோ?”

கமலாம்பிகை ஏணியிலிருந்து இறங்கினாள். பதில் சொல்ல முன்னம் நகுலேஸ்வரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மேடையில் இரண்டு குத்துவிளக்குகள் திரி போட்டு நின்றன. “நல்ல நேரம் போக முன்னம் ஒருக்கா ஏத்தி வைப்பம், அக்கா. எங்கட பக்கத்தில சுமங்கலிப் பொம்பிளையள் இன்னும் வந்து சேரேல்லை. நீங்கள் கலியாண வீடுகளில புழங்கிற கை. ஒண்டை நீங்கள் கொளுத்துங்கோ.”

நெருப்புப் பெட்டி கமலாம்பிகையின் உள்ளங்கைக்குள் வந்துவிட்டது. அவள் அதைப் பார்த்தாள். பெட்டி மூடும் மட்டும் சுமங்கலிதான் என்று ஒருத்தி சொன்னாளே. அப்படியென்றால் கொளுத்தலாம். கொளுத்திவிட்டுப் பின்னேரம் பியூனரல்காரரிடம் போய் வேட்டியைக் கொடுக்கலாம். எல்லாம் கணக்குக்குச் சரியாகத்தான் வருகிறது. ஆனால் இந்தப் பெண்ணின் மகள் இந்த வெளிச்சத்துக்கு முன்னால்தானே வந்து இருக்கப் போகிறாள்.

நெருப்புப் பெட்டியை அவள் திருப்பி நகுலேஸ்வரியின் கையில் வைத்தாள்.

“அவர் செவ்வாய்க்கிழமை செத்துப் போனார், தங்கச்சி,” என்றாள். “உங்களுக்குப் போனில சொல்லத்தான் எடுத்தனான். சொல்ல வரேல்லை.”

மேடையின் பின்னால் செபமாலைமுத்து சுருட்டிக்கொண்டிருந்த கயிறு நின்றது.

நகுலேஸ்வரி பின்னால் ஓர் அடி வைத்தாள். கண் மணவறைக்குப் போய், விளக்குக்குப் போய், கமலாம்பிகையின் கழுத்துத் தாலிக்கு வந்தது. கத்தப் போகிறாள் என்று கமலாம்பிகை நினைத்தாள். இராஜேந்திரனைக் கூப்பிடுவாள், எல்லாவற்றையும் கழற்று என்பாள், முற்பணத்தைக் கேட்பாள். கழற்றுவதென்றால் முதலில் எந்த ஊசியை எடுப்பது என்றுகூட மனம் ஓடியது.

நகுலேஸ்வரி போய் மண்டபக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். மேடைப் படியில் இருந்தாள்.

“எங்கட அண்ணர் வன்னியில இருந்தவர்,” என்றாள். “வைகாசியில எண்டு சொல்லீனம். எந்த நாளெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. ஆவணியிலதான் எங்களுக்குக் கதை வந்தது. எந்த நாளில இருந்து துடக்கெண்ணுறது எண்டு ஐயரைக் கேட்டன். அவருக்கும் சொல்லத் தெரியேல்லை.”

கமலாம்பிகை பக்கத்தில் இருந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் நெருப்புப் பெட்டி கிடந்தது.

“மாப்பிளை ஆக்களுக்குச் சொல்லேல்லை,” என்றாள் நகுலேஸ்வரி, குரலைத் தாழ்த்தி. “தாய்மாமன் எங்கையெண்டு கேட்டவை. விசா கிடைக்கேல்லை எண்டு சொன்னனாங்கள்.”

மண்டபத்தின் சூடாக்கிகள் டக் டக்கென்று சத்தம் போட்டுச் சூடேறத் தொடங்கின. நகுலேஸ்வரி எழும்பிப் பட்டைச் சரிசெய்தாள்.

“விளக்கை நான் கொளுத்திறன். நீங்கள் அந்தத் துணியை முடியுங்கோ.” இரண்டடி போய்த் திரும்பினாள். “மாப்பிளை ஆக்கள் வர முன்னம்…” என்று தொடங்கி, முடிக்காமல் கமலாம்பிகையின் முகத்தைப் பார்த்தாள்.

“நான் பின்கதவால போயிடுவன்,” என்றாள் கமலாம்பிகை.

கடைசித் துணியையும் குத்தி முடிக்க வெளியே கார்ச் சத்தங்கள் கேட்கத் தொடங்கிவிட்டன. நகுலேஸ்வரி திரும்பவும் வந்து, கைப்பையிலிருந்து ஓர் என்வலப்பை எடுத்து அவள் கோட்டுப் பைக்குள் தானே திணித்தாள். மிச்சக் காசு. முழுவதும் இருக்கிறது, வீட்டுக்காரர் பின்னேரம் தரச் சொன்னவர், இப்போதே பிடியுங்கள் என்றாள். எந்த நாள் செத்தவீடு என்று கேட்டாள். புதன்கிழமை என்றதும் தலையை ஆட்டினாள். வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

பின்கதவடியில் செபமாலைமுத்து நின்றான். கலியாணம் முடிந்ததும் எல்லாவற்றையும் கழற்றி, ஒரு கீறல் விழாமல் கராஜுக்குக் கொண்டுவந்துவிடுவதாகச் சொன்னான். கையைப் பிசைந்தான்.

“அக்கா, உள்ளுக்க வீடியோக்காரன் ஒருத்தன் கேக்கிறான். தை மாசத்தில அவன்ர சொந்தக்காரருக்கு ஒரு சாமத்தியவீடாம். அண்ணையின்ர நம்பரைக் குடுத்தால்…” நிறுத்தினான். “இனி ஆருக்கு அடிக்கச் சொல்லுறது?”

கமலாம்பிகை கதவின் இரும்புப் பிடியில் கை வைத்தபடி நின்றாள். விம்பிள்டன் கடையின் கல்லா நினைவுக்கு வந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணும், அவள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வியும்.

“அந்த நம்பரையே குடுங்கோ,” என்றாள். “போன் என்னட்டத்தான் இருக்கு.”

வெளியே குளிர் முகத்தில் அடித்தது. வேட்டிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் தரிப்புக்கு நடந்தாள். தரிப்பில் வேறு ஒருவரும் இல்லை. ஹீத்ரோவுக்கு இறங்குகிற விமானம் ஒன்று கூரைகளை உரசுகிற மாதிரித் தாழ்ந்து போனது. பியூனரல்காரரின் கடைக்கு எந்த பஸ் என்று தாரகா சொல்லி அனுப்பியிருந்தாள். அந்த இலக்கம் இப்போது நினைவில் இல்லை. பலகையில் இருந்த இலக்கங்களை ஒவ்வொன்றாக வாசித்தாள். எல்லாமே அதுவாக இருக்கலாம் போலிருந்தது.

வெள்ளை நிறக் கார் ஒன்று மெதுவாக வந்து தரிப்பின் முன்னால் நின்றது. முன்பக்கம் முழுவதும் பூமாலை. பின்னால் இன்னும் சில கார்கள் வரிசையாக நின்றன. கண்ணாடி இறங்கியது. ஓட்டிவந்த பொடியனுக்குப் பக்கத்தில் ஒரு கிழவர்; பின்சீற்றில் தலைப்பாகையும் பட்டு வேட்டியுமாக மாப்பிள்ளை.

கமலாம்பிகை முகத்தைத் திருப்பிக்கொள்ளத்தான் நினைத்தாள். அதற்குள் கிழவர் எட்டிக் கேட்டுவிட்டார்.

“பிள்ளை, உங்கினேக்க ஒரு கலியாண மண்டபம் இருக்காம். எங்கால போறது? அந்தரப்பட்டு மாறி வந்திட்டம்.”

அவள் பையை இடக் கைக்கு மாற்றி, வலக் கையை நீட்டி, வந்த பக்கமே திரும்பி இரண்டாவது சந்தியில் இடப் பக்கம் என்று காட்டினாள். பொடியன் தலையை ஆட்டினான். பின்சீற்றில் இருந்த மாப்பிள்ளை, “தாங்ஸ் அன்ரி,” என்று கண்ணாடிக்குள்ளிருந்து கையைக் கூப்பினான்.

கார் வளைந்து திரும்பியது. பின்னால் நின்ற கார்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பத் தொடங்கின. கடைசிக் கார் திரும்பும் மட்டும் அவள் நீட்டிய கையை இறக்கவில்லை.